அவரை கொடியாய் ஓடுது, பூ ஒன்றையும் காணோம்: நாட்டு விதை கொழும்புக்குச் சரிவராதோ?

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 14.07.2024, இரவு 9.40

மாசி முடிவில் போட்ட அவரை. ஊரிலிருந்து வந்த பழைய விதை. கறுப்பு, மூக்கில் வெள்ளைக் கோடு. இருபது லீற்றர் பெயின்ற் வாளி நாலு, வாளிக்கு இரண்டு கொடி. தண்ணீர்த் தாங்கியை மூடிவிட்டு இப்ப அன்ரெனாக் கம்பியில் ஏறி நிற்குது. ஒரு பூ இல்லை. யூரியா போட்டுப் பார்த்தேன், இலை இன்னும் பெரிசாச்சு, அவ்வளவுதான். அதே மாடியில் கடைப் பக்கெற்றில் வாங்கின கலப்பினப் பயற்றங்காய் ஐம்பது நாளில் காய்ச்சது. நாட்டு விதை கொழும்புச் சூட்டுக்குச் சரிவராது என்பது என் முடிவு. பிடுங்கப் போறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கோ.

கொடித்தடி | 14.07.2024, இரவு 10.25

பிடுங்காதேங்கோ. விதையில் பிழையில்லை, பட்டம் பிழை.

பழைய கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். கொழும்பு ஏழு பாகை வடக்கில் கிடக்கு. ஆனியில் பகல் ஏறத்தாழ 12 மணி 30 நிமிடம், மார்கழியில் 11 மணி 45 நிமிடம். இந்த முக்கால் மணி வித்தியாசம் எங்களுக்குத் தெரியாது, கொடிக்குத் தெரியும். மாசி முடிவில் போட்டால் முளைத்த நாளிலிருந்து பகல் நீண்டுகொண்டே போகும். ஒக்டோபர் நடுப்பகுதி வரை அதற்குக் கொடி ஓடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆடி, ஆவணியில் போட்டது கார்த்திகை கழியப் பூக்கும், தையில் காய். உங்களுடையதும் அப்போதுதான் பூக்கும். ஐந்து மாதம் முந்திப் போட்டதற்கு ஒரு சலுகையும் கிடையாது.

இப்ப செய்ய வேண்டியது: ஒரு மீற்றர் உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கோ. பக்கக் கிளைகள் வரும், பூங்கொத்து அவற்றில்தான். வாளிக்கு ஒரு கொடி போதும். மெலிந்ததை மண் மட்டத்தில் வெட்டுங்கோ. இழுத்தால் மற்றதின் வேரும் சேர்ந்து வரும். யூரியா நிறுத்தம்.

கொடித்தடி | 14.07.2024, இரவு 10.50

“கலப்பின” என்று எழுதினதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பயற்றங்காயில் கலப்பினம் என்று கடையில் கிடைப்பது அநேகமாக இல்லை. பயறு, அவரை, போஞ்சி எல்லாம் பூ விரிய முன்னரே தன் மகரந்தத்தில் தானே சூல் கொள்ளும் இனங்கள். கலப்பினம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மொட்டாகக் கையால் பிரித்துக் கலக்க வேண்டும், ஒரு காய்க்குப் பத்துப் பதினைந்து விதை. எந்தக் கொம்பனிக்கும் கட்டாது. பக்கெற்றில் இருப்பது தூய வரிசை. அதிலிருந்தும் விதை எடுக்கலாம், தாய் மாதிரியே வரும். ஆகவே உங்கள் மாடியில் நடந்தது நாட்டுக்கும் கலப்பினத்துக்கும் போட்டி இல்லை. பகலைப் பார்க்காமல் காய்க்கும் இனமும் பகலைப் பார்த்துக் காய்க்கும் இனமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கு.

தும்புத்தூள் | 15.07.2024, காலை 6.10

தம்பி, வாளியில் என்ன நிரப்பினீங்க?

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 15.07.2024, காலை 7.30

முழுக்கத் தும்புத்தூள் கட்டி, ஊறவைத்து உதிர்த்தது. மேலே கூட்டெரு இரண்டு கை.

தும்புத்தூள் | 15.07.2024, மதியம் 12.45

நினைச்சேன். அதில் இரண்டு குறை.

முதலாவது உப்பு. தென்னந்தும்பில் உப்பும் பொட்டாசியமும் கூடுதலா இருக்கும். கட்டியை ஊறவைச்சு, தேத்தண்ணி நிறத்தில் வடிகிற தண்ணியை ஊத்திவிட்டு, மறுபடி ஊறவைங்க. வடிகிற தண்ணி வெளிறும் வரை, குறைஞ்சது மூணு தடவை. அப்படிக் கழுவாம போட்டா இலை ஓரம் கருகும். அவரை தாங்கிக்கும், போஞ்சி தாங்காது.

இரண்டாவது, தும்புத்தூளில் வேர்முடிச்சுப் பக்ரீரியா கிடையாது. நிலத்தில் நட்டா மண்ணில் இருக்கிறதே வேரில் வந்து ஒட்டும், வாளியில் அது எங்கிருந்து வரும்? பயறோ அவரையோ நல்லா காய்ச்ச நிலத்திலிருந்து ஒரு கை மண் எடுத்து விதைக் குழியில் போட்டா போதும். ஒரு மாதக் கன்று ஒன்றைத் தோண்டி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பு என்றா வேலை செய்யுது. வெள்ளையோ பச்சையோ என்றா சும்மா இருக்கு. யூரியா போட்டா செடி முடிச்சுப் போடவே மெனக்கெடாது.

என் கலவை: கழுவின தும்புத்தூள் இரண்டு பங்கு, கூட்டெரு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு. வாளியின் அடியில் பென்சில் தடிமனில் ஆறு துளை, பக்கத்தில் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இன்னும் நாலு. அடித்துளை சீமெந்துத் தளத்தோட ஒட்டி அடைபடும், பக்கத்துளை காப்பாத்தும்.

கொடித்தடி | 15.07.2024, இரவு 8.05

செம்மண் கொழும்பு வளவிலிருந்து எடுப்பதென்றால் டொலமைற் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்து இரண்டு கிழமை ஈரமாக வைத்திருங்கோ, வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி. இந்த மழையில் கரைந்து கரைந்து எங்கள் மண் புளித்துப்போய்க் கிடக்கு. புளித்த மண்ணில் முடிச்சு பிடிக்காது. வீட்டைச் சுற்றிக் கபூக் கல் (செம்பூராங்கல்) தெரிகிற இடமென்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கோ.

மட்டக்குளி_வளவு | 18.07.2024, இரவு 11.20

அண்ணை சொல்லும் பகல் கணக்குச் சரி, ஆனால் இராக் கணக்கைச் சொல்லவில்லை. செடி அளப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டை. வீதி விளக்கு விழும் பந்தலைப் பாருங்கோ: றோட்டுப் பக்கம் இலையாகக் கிடக்கும், சுவர்ப் பக்கம் பூவாகக் கிடக்கும். ஒரே கொடி. மொட்டைமாடித் தம்பி, மாடியில் விடிய விடிய எரியும் பல்பு ஏதும் உண்டோ?

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 18.07.2024, இரவு 11.32

உண்டு. கள்ளனுக்குப் பயந்து போட்டது.

மட்டக்குளி_வளவு | 18.07.2024, இரவு 11.35

அப்ப கள்ளனும் வரமாட்டான், காயும் வராது. ஒக்டோபர் தொடக்கம் அணையுங்கோ, அல்லது நிழல் விழ ஒரு தகடு கட்டுங்கோ.

கொடித்தடி | 19.07.2024, காலை 5.50

விளக்கு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றும். “பகல் குறுகினால்தான் பூக்கும்” என்ற குறும்பகல் கணக்கு பழைய கொடி அவரைக்குத்தான் பொருந்தும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் போன்ற செடி அவரைகள் பகலைப் பார்க்காமல் காய்க்கும். ருசி வேறு கதை. அதோடு சென்னைக்குப் போய்வரும் ஆட்கள் பையில் விதை போட்டுக்கொண்டு வராதேங்கோ: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். பயற்றங்காய்த் தேமல் வைரஸ் விதைக்குள்ளேயே பயணம் செய்யும், அதனால்தான் இந்தக் கெடுபிடி.

நாகதாளி | 02.08.2024, மாலை 4.15

குறுக்கே வருகிறேன். சிங்கள நண்பர் “அவர” விதை தந்தார். ஒரு விதை ஒரு அங்குலம், செங்கல் நிறம். இதுவும் அவரைதானே? எப்போது போடுவது?

கொடித்தடி | 02.08.2024, மாலை 6.40

இல்லை. சிங்களத்தில் “அவர” என்றால் எங்கள் வாளவரை. எங்கள் அவரை வேறு. சிறகவரைக்கு அவர்கள் “தம்பல” என்பார்கள். பெயரை நம்பி விதை வாங்கினால் இப்படித்தான், விதையைக் கையில் பார்த்து வாங்க வேண்டும்.

வாளவரை காய் ஒரு முழம் போகும். பிஞ்சை, விரல் அகலத்தில் இருக்கும்போது, நாரெடுத்து அரிந்து சமைக்கலாம். முற்றிய விதை நஞ்சு. வறுத்துத் தின்னலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதேங்கோ. ஒரு குடும்பத்துக்கு ஒரு கொடி தாராளம். விதைக்க முன் ஒரு இரவு ஊறவையுங்கோ, மூக்குப் பக்கம் கீழே பார்க்க ஊன்றுங்கோ, ஆழம் நாலு சென்ரிமீற்றர்.

தும்புத்தூள் | 03.08.2024, காலை 6.20

தம்பல பேச்சு வந்ததால: 1981 ஜனவரியில் சிறகவரைக்கென்றே ஒரு சர்வதேசக் கருத்தரங்கு கொழும்பில் நடந்திருக்கு. பூ, இலை, பிஞ்சு, விதை, கிழங்கு எல்லாம் தின்னலாம் என்கிறதால உலகத்தின் பசியையே தீர்க்கும் என்று அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. இன்றைக்குச் சந்தையில் தேடித்தான் வாங்கணும். காரணம் சின்னது: இரண்டு நாள் பிந்திப் பறிச்சா நார். கடைக்காரன் என்ன செய்வான்? வீட்டுத் தோட்டத்துக்கு அது குறையே இல்லை, காலையில் பறிச்சு மத்தியானம் சுண்டலாம். காய் விரல் நீளத்தில், வளைச்சா “டக்” என்று ஒடியணும்.

விதை கல்லு மாதிரி. நகவெட்டியால மூக்குக்கு எதிர்ப் பக்கம் தோலை மட்டும் கீறி, ஒரு இரவு ஊறப்போடுங்க. காலையில் ஊதாதது இருந்தா மறுபடி கீறுங்க. கீறாம போட்டா பத்தில் மூணு இந்தக் கிழமை முளைக்கும், இரண்டு அடுத்த மாதம், மிச்சம் அதன் இஷ்டம். இதுவும் குறும்பகல் சாதி. சித்திரை மழையோடு போட்டாலும் கார்த்திகை வரை காத்திருக்கணும்.

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 21.09.2024, இரவு 9.00

வெட்டின கொடி நன்றாகத் தழைத்துவிட்டது. பல்புக்குத் தகடு கட்டியாச்சு. வேறு பிரச்சினை: கனடாவில் இருந்து மச்சான் கொண்டுவந்த “கென்ரக்கி வொண்டர்” போஞ்சி (சட்டம் தெரிய முன்னர் வந்தது, அடிக்காதேங்கோ). பூ கொத்துக் கொத்தாக வருது, மூன்றாம் நாள் எல்லாம் கீழே. ஒரு பிஞ்சில்லை. அங்கே பரம்பரை விதை என்று பேர் போனதாம்.

கொடித்தடி | 21.09.2024, இரவு 9.45

அங்கே பரம்பரை, இங்கே விருந்தாளி. போஞ்சிக்கு இரவுக் குளிர் வேண்டும். இரவில் 22, 23 பாகைக்கு மேலே நின்றால் மகரந்தம் கெடும், சூல் பிடிக்காது, பூ உதிரும். கொழும்பில் 25க்குக் கீழே இறங்காத இரவுகள் எத்தனை! தண்ணீரும் பசளையும் இதைத் திருத்தாது. எங்கள் போஞ்சி வெலிமடை, பண்டாரவளை, நுவரெலியாப் பக்கம் விளைவது அதனால்தான். ஆசை விடாவிட்டால் கார்த்திகை நடுவில் போடுங்கோ, மார்கழி முடிவில் தையில் பூக்கும்படி. வருடத்தில் ஓரளவு குளிர்ந்த இரவுகள் அப்போதுதான். அப்போதும் ஒரு கறிக்குத்தான் வரும்.

மட்டக்குளி_வளவு | 22.09.2024, மாலை 7.10

போஞ்சி போடுகிற ஆட்கள் தண்டு ஈயையும் பார்த்துக்கொள்ளுங்கோ. சின்னக் கறுப்பு ஈ, முதல் இரண்டு இலையில் முட்டை வைக்கும், புழு தண்டுக்குள் இறங்கி மண் மட்டத்துக்கு வரும். கன்று மூன்றாம் கிழமை மஞ்சளித்து, தண்டின் அடி வீங்கி வெடித்திருக்கும். வெடிப்பை நகத்தால் உரித்தால் பழுப்பாய் அரிசி மாதிரி கூட்டுப்புழு. அந்தக் கன்று போனது, எரியுங்கோ, கூட்டெருவில் போடாதேங்கோ. மிச்சத்துக்கு முளைத்த இரண்டாம் கிழமையே விதையிலை வரை மண் அணையுங்கோ. வெடிப்புக்கு மேலே புது வேர் விட்டுத் தப்பும். பயற்றங்காய்க்கும் வரும், ஆனால் அது தாங்கும்.

கொடித்தடி | 10.10.2024, காலை 6.00

அடைமழைக்கு முன் பந்தலைப் பாருங்கோ. கிளிசரிடியாக் கம்பு நடுவதென்றால் வெட்டி ஒரு மாதம் வெயிலில் காயவைத்து, அடிப்பக்கத் தோலை உரித்து நடுங்கோ. பச்சையாக நட்டால் கொழும்பு ஈரத்தில் மூன்று கிழமையில் தளிர்க்கும், ஆறு மாதத்தில் அவரைக்குக் கம்பா கம்புக்கு அவரையா என்று தெரியாது. அதன் இலை மட்டும் நல்ல பசளை, வெட்டி வாளியில் மூடாக்காகப் போடலாம்.

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 27.11.2024, காலை 6.35

பூ. ஊதா. தாங்கிப் பக்கம் ஒன்பது கொத்து, பல்புப் பக்கம் இரண்டு. மேலே எழுதின முடிவை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கொத்தின் தண்டு முழுக்கக் கறுப்பாய் அப்பிக்கிடக்கு, எறும்பு வேறு.

தும்புத்தூள் | 27.11.2024, காலை 7.15

அழுக்கணவன் (அசுவினிப் பூச்சி). எறும்பு அதைத் தின்ன வரல்ல, மேய்க்க வருது. முதல்ல எறும்பு ஏறுகிற வழியை வெட்டுங்க: வாளியைத் தண்ணி ஊத்தின தட்டில் ஒரு கல்லின் மேல வைங்க, சுவரிலோ தாங்கியிலோ கொடி தொடக் கூடாது. பிறகு ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவுற திரவம், பொழுது சாயும் நேரத்தில் தண்டிலும் இலையின் அடியிலும் அடிங்க, மறுநாள் காலை வெறும் தண்ணியால கழுவுங்க. நாலு நாள் விட்டு மறுபடி. வெயிலில் அடிச்சா இலை பொசுங்கும், காலையில் அடிச்சா தேனீயும் படும். பூக்கள் ஒன்றோடொன்று நூலால் ஒட்டிக்கிடந்தா அது வேறு, காய்துளைப்புழு. அதுக்கு மருந்து விரல்தான், ஒட்டின கொத்தைக் கிள்ளி நசுக்குங்க.

மட்டக்குளி_வளவு | 12.01.2025, இரவு 8.30

தை பிறக்கப் போகுது, விதைக்கு விடும் காய்களை இப்பவே குறித்துவிடுங்கோ. தின்று மிஞ்சினதை விதைக்கு விடுவது எங்கள் ஆட்களின் பெரிய பிழை. கடைசிக் காய் மெலிந்த காய், பெரும்பாலும் நோயும் அதில்தான். இரண்டாம், மூன்றாம் பறிப்புக் காலத்துக் காய், நல்ல கொடியில், நூல் கட்டி விடுங்கோ. இலையில் தேமல் உள்ள கொடியைத் தொடவே வேண்டாம். ஒரே கொடியில் மட்டும் எடுத்தால் இனம் வருடா வருடம் குறுகும். இடமில்லாதவர்கள் நாலைந்து வீடாகச் சேர்ந்து ஒரே இனத்தைப் போட்டு விதையைக் கலந்து பங்கிடலாம்.

பயற்றங்காயும் கௌபியும் (தட்டைப்பயறு) ஒரே இனம், கலக்கும். தன் மகரந்தச் சேர்க்கைதான், ஆனால் பெரிய கருவண்டு மொட்டைப் பிரித்து நுழைந்தால் நூற்றில் ஒன்றிரண்டு பிசகும். அதோடு ஒரு பொறி: கலந்தது அந்த வருடத்து விதையில் தெரியாது. விதைத்தோல் தாயின் உடம்பு. அதனால் சிவப்பு விதை சிவப்பாகவே இருக்கும், அதை நட்டு அடுத்த காய் உடைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பாதுகாக்க வேண்டுமென்றால் மொட்டு விரிய முதல் நாள் மாலை, தேயிலைத்தூள் பை மாதிரி மெல்லிய துணிப்பை கட்டி, காய் ஒரு விரல் நீளம் வந்ததும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டுங்கோ.

கொடித்தடி | 13.01.2025, காலை 6.15

கொடியிலேயே சலசலவென்று காயும் வரை விடச் சொல்வது வரண்ட வலயத்துப் புத்திமதி. இங்கே மூன்று நாள் மழை போதும், காய்க்குள்ளேயே முளைக்கும், இல்லையென்றால் பூசணம். கொழும்பில் காய் பச்சை போய் மஞ்சளித்து, தோல் பையாய்த் துவளும்போதே அறுத்து, மின்விசிறிக்குக் கீழே கடதாசியில் விரியுங்கோ. தையும் மாசியும் ஓரளவு வரட்சி. அவரை தானாகவே அந்த நேரத்தில் முற்றுவது எங்கள் அதிர்ஷ்டம்.

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 02.03.2025, இரவு 10.10

முந்நூறு விதை எடுத்தேன். வெயிலில் நாலு நாள் காயவைத்து ஜாம் போத்தலில் போட்டேன். இன்றைக்குப் பார்த்தால் போத்தலடியில் மா, விதையில் ஊசித்துளை, உள்ளே வண்டு ஓடித் திரியுது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. எப்படி நுழைந்தது?

மட்டக்குளி_வளவு | 02.03.2025, இரவு 10.40

நுழையவில்லை, நீங்கள் உள்ளே வைத்து மூடினீர்கள். கொடியில் காய் காயும்போதே வண்டு முட்டை வைக்கும். விதையை விளக்குக்கு நேரே பிடியுங்கோ: தோலில் ஒட்டின வெள்ளைப் புள்ளி முட்டை, துளை விழுமுன் தோலில் வட்டமாக ஒரு மங்கல் ஜன்னல் தெரியும், அதன் பின்னால் வண்டு தயாராக இருக்கு. எங்கள் சூட்டில் முட்டையிலிருந்து வண்டு வரை நாலு கிழமை. இப்ப சலித்து, துளையும் புள்ளியும் இல்லாததைப் பிரியுங்கோ.

முதல் வேலை உலர்த்தல். கொழும்புக் காற்றின் ஈரத்தில் விதை 13, 14 வீதத்துக்குக் கீழே தானாக இறங்காது, எத்தனை நாள் வெயில் காட்டினாலும் இரவில் திரும்பக் குடிக்கும். அரிசியைப் பழுப்பேறும் வரை வெறும் சட்டியில் வறுத்து, சூட்டோடு போத்தலில் அடைத்து ஆறவிடுங்கோ. விதையைத் துணியில் முடிந்து, விதைக்கு இரட்டிப்பு அரிசியோடு இரண்டு கிழமை. சிலிக்கா ஜெல் கிடைத்தால் விதை எடைக்குச் சம எடை, ஒரு கிழமை. சோதனை: ஒரு விதையைச் சுத்தியலால் தட்டுங்கோ. நொறுங்கினால் காய்ந்தது, நசிந்தால் இல்லை.

காய்ந்த பிறகு, அதற்கு முன் அல்ல, இறுக மூடிய போத்தலோடு உறைபெட்டியில் ஒரு கிழமை. ஈர விதையை உறைய வைத்தால் வண்டோடு முளையும் சாகும். வெளியே எடுத்துப் போத்தல் வெளிப்புறம் வேர்ப்பது நிற்கும் வரை திறக்கக் கூடாது.

தும்புத்தூள் | 03.03.2025, காலை 6.05

உறைபெட்டி இல்லாத வீட்டுக்கு: சலிச்ச அடுப்புச் சாம்பல், விதை அளவுக்குக் கிட்டத்தட்ட சமமா, இடைவெளி தெரியாம நிரப்புங்க. வண்டுக்கு நகர இடமிருக்காது. மேலே சும்மா தூவினா பிரயோசனமில்லை. இல்லாட்டி ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், எல்லா விதையும் மினுங்கும் வரை பிசறுங்க, முட்டை மூச்சுத் திணறிச் சாகும். வேப்பிலை இரண்டு போட்டு மூடுறது மனத் திருப்திக்கு.

கொடித்தடி | 03.03.2025, காலை 6.50

ஒரு ஓரத் தகவல். மிகக் காய்ந்த விதையை நேரே ஈர மண்ணில் போட்டால் தண்ணீரை அவசரமாகக் குடித்து விதையிலை வெடிக்கும். விதைக்க முன் ஒரு நாள் போத்தலைத் திறந்து காற்றில் வையுங்கோ. கொழும்புக் காற்று அதற்காவது உதவட்டும்.

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 29.03.2025, இரவு 9.20

சலித்ததில் 174 தேறியது. அரிசியில் இரண்டு கிழமை, உறைபெட்டியில் ஒரு கிழமை, இரண்டும் முடிந்தது. ஈரக் கடதாசியில் இருபது வைத்துப் பார்த்தேன், ஆறாம் நாள் பதினேழு முளை. அந்தப் பதினேழையும் எறிய மனமில்லை, வாளியில் ஊன்றிவிட்டேன்.

கொடித்தடி | 29.03.2025, இரவு 9.31

பங்குனியிலா?

மொட்டைமாடி_வெள்ளவத்தை | 29.03.2025, இரவு 9.33

தெரியும், தெரியும். தாங்கிக்கு நிழல்.